மூச்சு தெரியும் தூரம்

ஜூன் 4

மாண்புமிகு மேடம் அவர்களுக்கு,

கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. இடது கையால் எழுதுகிறேன். ஒரு வரி முடிப்பதற்குள் நாக்கு தானாக வெளியே வந்துவிடுகிறது. மாடியிலிருந்து இறங்கி வந்த என் தங்கை எட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணாங்கிளாஸ் பையன் எழுதின மாதிரி இருக்கு, சொல்லு, நான் எழுதித் தரேன்" என்றாள். பெண்டாட்டிக்கு எழுதுவதைத் தங்கச்சியிடம் சொல்லி எழுதும் நிலைமை எனக்கு இன்னும் வரவில்லை.

கைக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். நீ கிளம்பிப் போன அன்றே. உன் பஸ் பாலத்தைக்கூடத் தாண்டியிருக்காது. "வீட்டம்மா வரலையா?" என்று டாக்டர் கேட்டார். வேலை இருக்கிறது என்றேன். "இன்னிக்குமா?" என்றார்.

நம் டிரோனுக்குக் கொசு என்று பெயர் வைத்தவனே நான்தான். அது கடித்துவிட்டது என்று யாரிடமும் போய் நான் ஒப்பாரி வைக்கவில்லை. நீதான் மொத்த ஆபீஸையும் கூட்டி வைத்து, "அசையாம நில்லுன்னு வாக்கி டாக்கியில சொன்னது நான்தான், தப்பு என்னோடது" என்று முழங்கினாய். உன்னை யார் கேட்டது? நான் கேட்டது வேறு. பக்கத்தில் இரு என்று கேட்டேன். "நிக்கிற ஆளை அது பாக்கிற வரைக்கும் நான் வீட்டுக்கு வர மாட்டேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். போர்க்களத்துக்குப் போகிற மாதிரி ஒரு முகம் வேறு.

பட்டன் போட்டு முடிப்பதற்குள் சட்டை கசங்கிப்போகிறது. அதனால் பனியனோடு குடித்தனம் நடத்துகிறேன். தையல்காரி தங்கை எல்லாச் சட்டைகளிலும் பட்டனைப் பிய்த்துவிட்டு ஒட்டுகிற நாடா வைத்துத் தருகிறேன் என்கிறாள். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். பட்டன் போட்டுவிட ஆள் வரும் என்று ஒரு நப்பாசை.

எப்போது வருகிறாய்?

இப்படிக்கு,
பனியன்

*

ஜூன் 12

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. போன் செய்யாததற்குக் காரணம் உங்களுக்கே தெரியும். இங்கே உள்ளே நுழைந்ததும் வாசலில் போனை வாங்கிப் பூட்டி வைத்துவிடுகிறார்கள். ரேடார் சோதனை நடக்கும் இடத்தில் வேறு எந்த அலையும் கலக்கக் கூடாது. வாரம் ஒருமுறை சாமான் வண்டி வருகிறது, அதில்தான் தபால்.

இது யாரும் பயன்படுத்தாத ஓர் ஓடுபாதை. சிமெண்ட் வெடிப்புகளில் முழங்கால் உயரத்துக்குப் புல். என் அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, சரியாக மூடாத ஒரு ஜன்னல். காற்று அடித்தால் காகிதமெல்லாம் கட்டிலுக்கடியில் போய்விடும். காலையில் அதைப் பொறுக்குவதுதான் எனக்கு உடற்பயிற்சி.

உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் ஒருமுறை எழுதுகிறேன். எழுதினால் எனக்குத் தெளிகிறது. ரேடார் அலையை அனுப்புகிறது. எதிரில் எது இருந்தாலும் அதில் பட்டு அலை திரும்பி வருகிறது. புல், கல், சுவர், மண் எல்லாவற்றிலிருந்தும் வருவதால் ஒரே இரைச்சல். அதனால் நான் ஒரு சல்லடை போட்டேன். கம்பமும் மரமும் கட்டடமும் ஏற்கெனவே கொசுவின் வரைபடத்தில் இருக்கின்றன. ஆகவே தரையோடு தரையாக அசையாமல் இருக்கும் எதையும் ரேடார் பொருட்படுத்த வேண்டாம், அசைவதை மட்டும் பார்த்து விலகினால் போதும். பறவை, வண்டி, நடக்கிற ஆள். ஆறு மாதம் அழகாக வேலை செய்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

நீங்கள் இறங்குதளத்தின் விரிப்பைச் சரிசெய்யப் போனீர்கள். அது இறங்க ஆரம்பித்துவிட்டது. ரிமோட் உங்கள் கழுத்தில்தான் தொங்கியது. ஒரு விரலால் அதைத் திருப்பியிருக்கலாம். நான் அசையாமல் நில்லுங்கள், அது சுற்றிப் போய்விடும் என்றேன். நீங்கள் ரிமோட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு நின்றீர்கள். நான் எழுதிய சல்லடைக்கு நீங்கள் ஒரு கல். கடைசியில் முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினீர்களே, அப்போதுதான் அது உங்களைப் பார்த்தது. பார்த்த உடனே நின்றது. ஒரு முழம் தாமதம், விசிறி முந்திக்கொண்டது.

நாளைக்கு இது மருத்துவமனை முற்றங்களில் மருந்துப் பெட்டியோடு இறங்கப் போகிறது. அங்கே வாசலில் யாராவது சும்மா நின்றுகொண்டுதான் இருப்பார்கள். ஆகவே இதை முடிக்காமல் வர முடியாது.

விரல் பயிற்சியைத் தவறாமல் செய்யவும். மாத்திரை சாப்பாட்டுக்குப் பின்.

இப்படிக்கு,
(கையெழுத்து)

*

ஜூன் 19

அம்மணி,

என்ன திடீரென்று இந்த 'நீங்கள்'? கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் "டேய், வாடா, போடா" என்று என்னை ஆட்டி வைத்தவள் நீ. என் அம்மா காதில் விழுந்துவிடுமோ என்று நான்தான் நடுங்குவேன். இப்போது ஒரு விரலைக் கொடுத்து மரியாதை வாங்கியிருக்கிறேன் போலிருக்கிறது. அந்த மரியாதையை நீயே வைத்துக்கொள்.

மாத்திரை சாப்பாட்டுக்குப் பின் என்பதை அட்டையிலேயே அச்சடித்திருக்கிறார்கள். அதை எனக்கு எழுதத் தபால்தலை எதற்கு?

வாரம் ஒரு வண்டி வருகிறது என்று நீயே எழுதியிருக்கிறாய். வந்த வண்டி திரும்பிப் போகும்தானே? அதில் ஏறிக் கடைத்தெருவில் இறங்கி, வாங்கி வைத்த போனைத் திருப்பி வாங்கி, ஒரு வார்த்தை பேச முடியாதா? நீ வராததற்கு ரேடார் மேல் பழி போடாதே. பாவம், அதற்கு வாய் இல்லை.

நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். கட்டைவிரல் மடங்காது. நரம்பு ஒட்டிவிட்டது, ஆனால் பழையபடி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பந்தை அமுக்கச் சொல்லி ஒரு ரப்பர் பந்து கொடுத்தார். நான் அமுக்குகிறேன், பந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. ரிமோட் பிடிக்கிற வேலை இனி கிடையாது. அதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து, ஆஸ்பத்திரி வாசலில் செருப்பைத் தேடுகிற மாதிரி கொஞ்ச நேரம் குனிந்துகொண்டு நின்றேன். அந்த நேரத்தில் நீ என் பக்கத்தில் இல்லை. எனக்கு வந்த கோபம் கை போனதற்கு இல்லை, இதற்குத்தான்.

தங்கை கேட்கிறாள்: "அண்ணி எப்பண்ணே வருவாங்க? சண்டையா?" இல்லை என்றேன். "சண்டைன்னா பரவாயில்லண்ணே, சமாதானம் பண்ணலாம். இது என்னன்னே தெரியலையே" என்றாள். எனக்கும்தான் தெரியவில்லை.

*

ஜூன் 27

டேய்,

சரி. 'நீ' என்றே எழுதுகிறேன். 'நீங்கள்' என்று எழுதினால் யாரோ ஒருவருக்கு அறிக்கை அனுப்புவது போல இருந்தது. உனக்கு என்றால் கை ஓடவில்லை. அதுதான் காரணம்.

போன வாரம் வண்டியில் ஏறினேன். கடைத்தெருவில் இறங்கி, ஒரு சைக்கிள் கடை ஓரமாக நின்று உன் நம்பரைப் போட்டேன். உன் தங்கை எடுத்தாள். "யாரு? யாருங்க?" என்றாள். உன் போனை அவள் எடுத்தால் நீ தூங்குகிறாய், அல்லது உன்னால் எடுக்க முடியவில்லை என்று புரிந்தது. போனைக் காதோடு அமுக்கிக்கொண்டேன். அவள் "எவன்டா அது, மூச்சு மட்டும் விடுறது? நேர்ல வாடா, செருப்பு பிஞ்சிடும்!" என்று ஆரம்பித்தாள். நான் வைத்துவிட்டேன். அப்புறம் அந்தச் சைக்கிள் கடைக்காரர் என்ன நினைத்தாரோ, ஸ்டூலைத் துடைத்து உட்காரச் சொன்னார். உட்கார்ந்து அழுதேன்.

கட்டைவிரல் விஷயம் படித்தேன். நான்கு முறை படித்தேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை, அதனால் தெரிந்ததை எழுதுகிறேன்.

இங்கே வாட்ச்மேன் ஒருவர் இருக்கிறார். மத்தியானம் சாப்பிட்டதும் ஓடுபாதை ஓரத்தில் நாற்காலி போட்டு, விறைப்பாக உட்கார்ந்தபடியே தூங்குவார். பார்த்தால் காவல் காக்கிற மாதிரிதான் இருக்கும். அன்று ரேடாரை ஒரு மேசைமேல் வைத்து, சல்லடையை எடுத்துவிட்டு, சும்மா ஓட விட்டிருந்தேன். திரையில் ஒரு கோடு மெதுவாக ஏறி இறங்கியது. ஏறும், நிற்கும், இறங்கும். என்ன கோளாறு என்று கம்பியைப் பிடுங்கி மாட்டினேன். போகவில்லை. அப்புறம் அவர் ஒரு முறை இருமினார். கோடு துள்ளியது. அது அவர் மார்பு. மனுஷன் மூச்சு விடும்போது மார்பு ஒரு நெல்மணி அளவுக்கு முன்னால் வந்து பின்னால் போகிறது, அதை இந்தப் பெட்டி பார்க்கிறது.

யாருமே அசையாமல் நிற்பதில்லை! நீயும் அன்று அசையாமல் நிற்கவில்லை. நான்தான் பார்க்கவில்லை.

இனிமேல் வரைபடத்தில் இல்லாத எதையாவது கண்டால் கொசு அந்தரத்தில் அப்படியே நிற்க வேண்டும். மூச்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் கல்லோ புதரோ, சுற்றிப் போகலாம். இருந்தால் ஆள், அவர் விலகும்வரை கிட்டே வரவே கூடாது.

உன் தங்கையிடம் அது நான்தான் என்று சொல்லிவிடாதே.

*

ஜூலை 5

மூச்சுக்காரி,

சொல்லிவிட்டேன். தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, அண்ணியவா செருப்பால அடிப்பேன்னேன்!" என்று அரை நாள் சாப்பிடவில்லை. மீதி அரை நாள் என்னைத் திட்டினாள், போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினதற்காக.

உன் கடிதத்தைப் படித்ததும் கோபத்தைத் தொடரலாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை. மூச்சைப் பார்க்கிறது என்று எழுதியிருக்கிறாயே, எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன். இந்த விஷயத்தில் நாம் இரண்டு பேரும் ஒரே பைத்தியம்.

ஆனால் ஒன்று. மேசைமேல் பார்த்தாய், சரி. அந்தரத்தில் நிற்கிற கொசு நிற்கவே நிற்காது. கீழே இருப்பவனுக்குத்தான் நிற்பதாகத் தெரியும். ரிமோட் பிடித்தவனைக் கேள், விரலடியில் அது நடுங்கிக்கொண்டே இருக்கும். நெல்மணி அசைவெல்லாம் அந்த நடுக்கத்தில் காணாமல் போய்விடும். பக்கவாட்டில் காற்று வாங்க விடாதே, காற்றுக்கு நேராக முகத்தைத் திருப்பி நிறுத்து, ஆட்டம் பாதியாகும். மீதிப் பாதிக்கு நீ கணக்குப் போடு.

இதை எழுதும்போது என் கட்டைவிரல் தானாக நெளிந்தது. மடங்கவில்லை, ஆனால் நெளிந்தது. பழக்கதோஷம்.

இப்போது கேட்கிறேன், நேராகப் பதில் சொல். சோதனைக்கு முன்னால் நிற்கப்போவது யார்? பொம்மை மூச்சு விடாது. வாட்ச்மேனைத் தூங்க வைத்து நிறுத்த முடியாது. உன்னை எனக்குத் தெரியும். நீ நிற்கக் கூடாது. கேட்டுக்கொள், நீ நிற்கவே கூடாது. ஆள் வேண்டுமானால் நான் வருகிறேன். எனக்கு ஏற்கெனவே அனுபவம் இருக்கிறது.

கிண்டல் இல்லை. வரட்டுமா?

*

ஜூலை 12

நீ வர வேண்டாம்.

நீ சொன்னபடி காற்றுக்கு முகம் திருப்பினோம். மீதி நடுக்கத்துக்கும் வழி கிடைத்துவிட்டது. தரை ஆடாது. தரை ஆடுவதாக ரேடாருக்குத் தெரிந்தால் அது கொசுவின் ஆட்டம். அதைக் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது மூச்சு. இவ்வளவு நாள் வேண்டாம் என்று தூக்கி எறிந்த தரையைத்தான் இப்போது பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

புதன்கிழமை சோதனை. விசிறிகளைச் சுற்றிக் காப்பு வளையம் போட்டாயிற்று. உன் இடத்துக்கு வந்திருக்கும் பைலட் நல்ல பெண், கையை ரிமோட்டிலிருந்து எடுக்கவே மாட்டாள். நிற்கப்போவது நான்தான். உன்னை நிறுத்தினேன் அல்லவா, இதில் பேச ஒன்றுமில்லை.

இது உன் கைக்கு வரும் நாளில் எல்லாம் முடிந்திருக்கும் என்று பார்த்துத்தான் அனுப்புகிறேன். திட்டு.

*

ஜூலை 16

அடங்காப்பிடாரி,

உன் கணக்கு தப்பிவிட்டது. தபால்காரர் இன்று காலையிலேயே கொண்டு வந்துவிட்டார். இன்றுதான் புதன்கிழமை.

ஆபீஸுக்கு போன் போட்டேன். "சைட்ல இருக்கிறவங்கள சாயங்காலம் வரைக்கும் பிடிக்க முடியாது சார்" என்றார்கள். தங்கை வந்து உட்கார்ந்தாள், போனாள், மறுபடி வந்தாள். என்னால் உட்கார முடியவில்லை. மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். இப்போது மூன்றாவது படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். இது உன்னிடம் எப்போது சேரும் என்றெல்லாம் யோசிக்கவில்லை.

கொசுவை நம்புகிறேன். உன் கணக்கை நம்புகிறேன். ஆனாலும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இதையெல்லாம் நான் எழுதுகிற ஆள் இல்லை, இன்று எழுதிவிடுகிறேன். உன் துண்டு இன்னும் கதவுக்குப் பின்னால் அந்தக் கொக்கியிலேயே தொங்குகிறது. காய்ந்து அட்டையாகிவிட்டது, எடுக்க மனசில்லை. தங்கை உன் தலையணை உறையைத் துவைக்க உருவினாள், பிடுங்கி வைத்துக்கொண்டேன். டீ போட்டால் இரண்டு தம்ளரை எடுத்துவிட்டு ஒன்றைத் திருப்பி வைக்கிறேன். கதவு தட்டினால் நீ இல்லை என்று தெரிந்தும் முகத்தைச் சரிசெய்துகொண்டு போகிறேன். எனக்கு நீ வேண்டும். திருத்தம் செய்து கொடுக்கிற நீ வேண்டாம், மன்னிப்புக் கேட்கிற நீயும் வேண்டாம். என் சோப்பை எடுத்துத் தேய்த்துவிட்டு இல்லை என்று சாதிக்கிற நீ போதும்.

உனக்கு ஏதாவது ஆகியிருந்தால் உன்னோடு பேசவே மாட்டேன். இது என்ன பேச்சு என்று எனக்கே தெரியவில்லை. தங்கை போனை எடுத்துக்கொண்டு ஓடி வருகிறாள்.

ஆபீஸிலிருந்து. யாருக்கும் ஒன்றும் இல்லையாம்.

நான் கொஞ்சம் படுத்துக்கொள்கிறேன்.

*

ஜூலை 17

டேய்,

எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று உனக்குச் சொல்லியிருப்பார்கள். என்ன நடந்தது என்பதை நான் சொல்கிறேன்.

ஓடுபாதை நடுவில் போய் நின்றேன். கொசு அந்தக் கடைசியிலிருந்து கிளம்பி வந்தது. நீ கேட்ட அந்தச் சத்தம் எனக்கும் கேட்டது. கூட நின்று கேட்கும்போது அது வேறு, நம்மைப் பார்த்து வரும்போது வேறு. ஆறேழு ஆள் தூரத்தில் நின்றது. அந்தரத்தில் அப்படியே நின்று என்னைப் பார்த்தது. அப்புறம் மெதுவாகப் பக்கத்தில் ஒதுங்கி என்னைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. எல்லோரும் கத்தினார்கள், கைதட்டினார்கள். பைலட் பெண் ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

திரையைப் போய்ப் பார்த்தால் 'ஆள் இல்லை' என்று காட்டுகிறது. என்னைக் கல் என்று முடிவு செய்துவிட்டுத்தான் சுற்றிப் போயிருக்கிறது. மோதவில்லை, ஆனால் தப்பு தப்புதானே. மறுபடி நின்றேன். மறுபடி 'ஆள் இல்லை'. மூன்றாவது முறையும் அப்படியே. கணக்கில் என்ன ஓட்டை என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன். வாட்ச்மேன் தானாக எழுந்து வந்து, "நான் நின்னு பாக்கட்டுமாம்மா?" என்றார். நின்றார். நின்ற உடனே கண்டுபிடித்துவிட்டது. அப்புறம் பைலட் பெண் நின்றாள். கண்டது. சமையல்காரர் நின்றார். கண்டது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

பைலட் பெண்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "மேடம், அது கிட்ட வரும்போது நீங்க மூச்சே விடல. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

மூச்சு விடு, மூச்சு விடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மறுபடி போய் நின்றேன். முடியவில்லை. அந்தச் சத்தம் வந்ததும் நெஞ்சு தானாகப் பூட்டிக்கொள்கிறது. கோளாறு கொசுவிடம் இல்லை. பயத்தில் மூச்சை அடக்குகிற ஆளும் உண்டு என்று எழுதி, கண்டது எதுவானாலும் கிட்டே வராதே என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். அது சின்ன வேலை. ஆபீஸ் பெரியவர் சோதனை முடிந்தது என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஆகவே நான் சொன்ன வேலை முடிந்துவிட்டது. நிற்கிற ஆளை அது பார்க்கிறது. நான் பையைக் கட்டியிருக்க வேண்டும். கட்டவில்லை. இன்று காலையிலிருந்து இங்கே உட்கார்ந்து, இன்னும் சரிசெய்ய என்ன மிச்சம் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

உன்னிடம் இதைச் சொல்லிவிடுகிறேன். சல்லடையைச் சரிசெய்ய நான் இங்கே வரவில்லை. அதை வீட்டிலிருந்தே செய்திருக்கலாம், பாதி வேலை கணக்குதானே. கட்டைப் பிரிக்கும்போது உன் கையைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று ஓடி வந்தேன். என் பையிலிருந்து சில்லறை எடுக்கிற கை, தூக்கத்தில் என் காதைப் பிடித்துக்கொள்கிற கை. அதை நான் என்ன செய்துவிட்டேன் என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இப்போதும் இல்லை. வந்து வாசலில் நின்று, உன் கையைத் தவிர வீட்டில் எல்லாவற்றையும் பார்ப்பேன். அது உனக்குத் தெரிந்துவிடும்.

ஏங்கிப்போய்க் கிடக்கிறேன்டா. வரட்டுமா என்று கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது.

*

ஜூலை 22

என் பெண்டாட்டிக்கு,

உன் கடிதம் வந்தது. தபால்காரர் கிளம்புவதற்குள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். அவரை வாசலில் தண்ணீர் கொடுத்து நிறுத்தி வைத்திருக்கிறேன்.

கை நன்றாக இல்லை. உள்ளங்கையிலிருந்து கட்டைவிரல் நுனிவரை ஒரு தழும்பு, சிவப்பாக, கொஞ்சம் தூக்கலாக. விரல் வெளிப்பக்கமாகக் கோணிக்கொண்டு நிற்கிறது. நானே முதல் வாரம் அதைத் துணி போட்டு மூடிக்கொண்டுதான் சாப்பிட்டேன். அதனால் நீ பயப்படுவதில் எனக்கு வருத்தம் இல்லை. நீ பயந்துகொண்டு அங்கே உட்கார்ந்திருப்பதுதான் வருத்தம். பயப்படுவதாக இருந்தால் இங்கே வந்து பயப்படு.

அடுத்த வண்டியில் ஏறு. பஸ் ஸ்டாண்டுக்கு நான் வருகிறேன். வந்து இறங்கியதும் நீ கையைப் பார்க்க வேண்டாம். ஒரு நாள் பார்க்காதே, ஒரு மாதம் பார்க்காதே, எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் பையை இடது கையில் நான் வாங்கிக்கொள்வேன். உன் பக்கம் இருக்கப்போவது வலது கைதான். ரோடு தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டாவது அதைப் பிடித்துக்கொள். விரல்தான் மடங்காது, கையில் சூடு இருக்கிறது.

வெறும் வயிற்றோடு பஸ் ஏறாதே. உனக்கு வாந்தி வரும்.